பிரசாந்த் செய்த பாக்டீரியா

"இதுல எதும்மா நம்ம பிரசாந்த் பண்ணது?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று எஃகுத் தொட்டிகள், ஒவ்வொன்றும் மாடி உயரத்துக்கு. சாரதா மூக்கு கண்ணாடியில் படுமளவுக்கு நெருங்கி நின்று கேட்டாள்.

ஸ்ரீமதி நடுத்தொட்டியைக் காட்டினாள்.

ஒரகடத்தில் அந்தக் கம்பெனிக்கு அன்று ஃபேமிலி டே. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கம்பெனிக்குப் பாசம் பொத்துக்கொண்டு வரும். ஷிப்ட் பஸ்ஸிலேயே பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றி வந்து, தலையில் வலைத் தொப்பி மாட்டி, உங்கள் வீட்டு மனிதர் இங்கேதான் உழைக்கிறார் என்று சுற்றிக்காட்டி, ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் ஹாட்பாக்ஸும் கொடுத்து அனுப்பும்.

ஸ்ரீமதிக்குச் சுற்றிக்காட்ட மாமியார் சாரதாவை விட்டால் ஆளில்லை.

அவள் கணவன் பிரசாந்த் இங்கே ஆய்வகத்தில்தான் இருந்தான். அவன் விபத்தில் இறந்த பிறகு அவளுக்கு அதே ஆய்வகத்தில் வேலை கொடுத்தார்கள். அவளும் மைக்ரோபயாலஜி படித்தவள்தான். பிள்ளை கிடையாது. குன்றத்தூரில் ஒற்றை அறை, கம்பெனி பஸ், ஆய்வகம், மறுபடியும் அந்த ஒற்றை அறை. அவன் போனதும் அவன் வீட்டு உறவும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. தீபாவளிக்குக்கூட யாரும் வா என்று கூப்பிடுவதில்லை.

சாரதா மட்டும் வாலாஜாபாத்திலிருந்து போன் செய்வாள். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். அவன் பண்ணதை ஒரு தடவை கண்ணால் பார்க்கணும், உள்ளே விடுவாங்களா என்பாள். ஃபேமிலி டேவுக்குக்கூடத் தொட்டிப் பக்கம் வெளியாட்களை விடமாட்டார்கள் அத்தை, அடுத்த வருஷம் கேட்டுப் பார்க்கலாம் என்பாள் ஸ்ரீமதி. மறுவாரமும் போன் வரும்.

குளிக்கப் போகும்போதுகூட ஸ்ரீமதி மொபைலைக் கையோடு எடுத்துக்கொண்டு போவாள். அந்தப் போன் நின்றுவிடக்கூடாது என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே பயம்.

இந்த வருஷம் கம்பெனியே பெரிய மனசு பண்ணிக் கண்ணாடி வைத்த நடைபாதையைத் திறந்துவிட்டது. இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை.

உள்ளே என்னதான் நடக்குது என்று சாரதா கேட்டாள். ஸ்ரீமதி அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

கோழித் தீவனத்தில் கலக்கும் ஒரு சத்தை இந்த பாக்டீரியாக்கள் செய்கின்றன. செய்முறை ஜீனில் இருக்கிறது. அதைப் பார்த்து செல் ஆர்.என்.ஏ. என்ற இழையில் நகல் எழுதும். சாதாரண பாக்டீரியாவில் இதற்கு ஒரு புரதம் காவல். சத்து வேண்டிய அளவு சேர்ந்துவிட்டால் அந்தச் சத்தே போய்ப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். உடனே புரதம், எழுதிக்கொண்டிருக்கும் இழையைப் பிடித்துத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். எழுத்து அங்கேயே அறுந்துவிடும், சத்து செய்வதும் நின்றுவிடும்.

எழுதுவது என்னவோ எப்போதும் ஆரம்பித்துவிடும். தொடர்வதா, விடுவதா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும்.

பிரசாந்த் அந்தப் புரதத்தை வேலை செய்யவிடாமல் ஆக்கினான். அதனால் அவனுடைய பாக்டீரியாவுக்குப் போதும் என்பதே தெரியாது. செய்துகொண்டே இருக்கும்.

சாரதா சிரித்துவிட்டாள்.

"அவன மாதிரியேதான் பண்ணி வெச்சிகிறான். சோறு போட்டா, போதும்னு ஒரு நாள் சொன்னவன் இல்ல."

பிறகு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். தொட்டிகள் ஓடும் அதிர்வு கைக்கு லேசாக வந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கிறது அத்தை, பெருகிக்கொண்டே இருக்கிறது என்றாள் ஸ்ரீமதி.

பின்னால் வந்த குடும்பங்கள் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. சாரதா நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

அழுவாள் என்று ஸ்ரீமதி நினைத்தாள். அழவில்லை. திரும்பியபோது அவள் முகம், காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம்போலத் தெளிந்திருந்தது.

"மனசு ஆறிடுச்சும்மா. கண்ணால பாத்துட்டேன். இனிமே உன்ன நச்சரிக்க மாட்டேன், நீ உன் பொழப்பப் பாரு."

வாழ்த்தாகத்தான் சொன்னாள். ஸ்ரீமதி பையில் இருந்த மொபைலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மதியம் பஸ் கிளம்ப நின்றது. சாரதா ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீமதி கீழே நின்றாள்.

ஒரு வார்த்தை சொன்னால் சாரதா பஸ்ஸை விட்டே இறங்கிவிடுவாள். அவள் மனசு இந்த ஜென்மத்தில் ஆறாது. மறுபடியும் போன் வரும், வாராவாரம் வரும்.

"அத்த," என்றாள்.

சாரதா ஜன்னல் கம்பிக்குக் கிட்டே குனிந்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அந்த முகத்தில் ஸ்ரீமதி பார்க்காத நிம்மதி இருந்தது.

"சாப்பாடு ஆறிடப்போவுது. போற வழியிலயே சாப்டுடுங்க."

பஸ் கேட்டைத் தாண்டிச் சாலையில் திரும்பியது. அவள் கை காட்டினாள். சாரதா அதற்குள் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

நடுத்தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது கம்பெனி புதிதாக வாங்கிய வேறொரு பாக்டீரியா. பிரசாந்த் செய்தது இனித் தேவையில்லை என்று போன ஆடியிலேயே நிறுத்திவிட்டார்கள். எடுத்து வைத்திருந்த கடைசிக் குப்பியை நீராவியில் அவித்துக் கொட்டும் வேலை ஸ்ரீமதிக்குத்தான் வந்தது.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் ஆளில்லை.