நிபந்தனை இல்லாமல்

அண்ணனின் மூச்சு அவள் பின்கழுத்தில் பட்டது.

நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டாள். அவனும் நகர்ந்து வந்தான். மாடி அறையின் கதவை அவன்தான் சாத்தியிருந்தான்.

"பாப்பாவோட நம்பரைப் போடு கண்ணு. உங்க கம்பெனியிலதான காய் வாங்குவா, பால் வாங்குவா. எங்க இருக்கறான்னு அதுல இருக்குமில்ல."

இருக்கும்தான். காயும் பாலும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி அது. யார், எந்த எண், எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, எல்லாம் டேட்டாபேஸில் கிடக்கிறது. அதனிடம் கேட்டு வாங்குவதுதான் அவள் உத்தியோகம். வீட்டிலிருந்தே வேலை. க்வெரி என்பார்கள். இந்த டேபிளில், அதாவது இந்தப் பட்டியலில் தேடு, இந்த எண்ணைத் தேடு, விலாசத்தைக் கொடு. அவ்வளவுதான் சங்கதி.

வீட்டில் எல்லோரும் பாப்பா என்று கூப்பிடும் தங்கை சிந்துஜா வீட்டை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது. பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் பூபதிக்குச் சொந்தமாக போர்வெல் வண்டிகள். அவனுடைய ஆட்கள் இருவர் இப்போதும் கீழே காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா பேசிவிட்டு வரத்தான் என்றான். பேசப் போகிறவன் அம்மாவையல்லவா கூட்டிக்கொண்டு போவான்?

அவளுக்கு அந்த விலாசம் தெரியும்.

போன மாதமே மனசு கேட்காமல் தேடிப் பார்த்துவிட்டாள். மைசூர். இரண்டாவது மாடி. பால், கறிவேப்பிலை, ஒரு பாக்கெட் சேமியா. பாயசம் வைத்துச் சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள் என்று அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எண்ணை அடித்தாள். கூடவே, அவன் கேட்காத ஒரு நிபந்தனையையும் சேர்த்தாள். ஊர், சேலம் மட்டும்.

ஓட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

"பாருங்ணா. இல்லீங்க."

பூபதி லேசுப்பட்ட ஆளில்லை.

"எங்க, என்ற நம்பரைப் போடு."

அவன் எண்ணைப் போட்டாள். மளமளவென்று வந்து விழுந்தது. அண்ணி வாங்கிய காளான், குழந்தைக்கு வாங்கிய டயப்பர், எல்லாம் சேலத்து விலாசத்துக்கு. அவன் முகம் கொஞ்சம் இளகியது. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் அவன் விரல் திரையில் போய் நின்றது.

"சேலம்னு எதுக்குப் போட்டிருக்கற?"

பத்தாவதோடு படிப்பை விட்டவன்தான். ஆனால் ஊர் ஊராக வண்டி ஓட்டிப் பலகைகளை வாசித்தே பழகியவன். ஊர்ப் பெயர் அவன் கண்ணிலிருந்து தப்புமா?

"அதை எடுத்துட்டு, மறுக்கா பாப்பா நம்பரைப் போடு."

அழித்தாள். தங்கையின் எண்ணை அடித்தாள்.

இனி ஒரு பொத்தான்தான் பாக்கி. அழுத்தினால் மைசூர்.

எழுந்து ஓடலாமா? கதவு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கத்தலாமா? கேட்க இப்போது வீட்டில் அம்மா ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் மகன் பக்கம்தான். மாட்டேன் என்று சொல்லலாமா? சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிடும், இருக்கிறது என்று.

இந்த வேலை போகக் கூடாது. சம்பளம் வருகிறது என்பதால்தான் அவள் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். சித்திரையில் பெங்களூரு ஆபீஸுக்கு மாற்றல் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவளுக்கும் இந்த வீட்டைவிட்டுப் போக இருந்தது அந்த ஒரு வழிதான்.

"இருங்ணா. பழசையும் சேத்துத் தேடறேன்."

எண் இருந்த வரிக்கு முன்னால் இரண்டு சிறு கோடு போட்டாள். அண்ணன் கண்ணுக்கு எண் அங்கேயே இருந்தது. கம்ப்யூட்டருக்கு அந்த வரியே இல்லை.

மேலே, டேபிளின் பெயருக்குப் பக்கத்தில் அதே டேபிளை மறுபடி எழுதினாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடவை. கடைசியில், அத்தனையையும் அடுக்கி முடித்த பிறகே காட்டு என்று ஒரு வரி.

வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைத்தான் செய்யாதே என்று மிரட்டிவைப்பார்கள். நிபந்தனையே இல்லாமல் விட்டால் ஒவ்வொரு வரியோடும் மற்ற எல்லா வரிகளையும் அது கோத்துக்கொண்டே போகும். முடியவே முடியாது. கம்பெனியே திணறிப்போகும். யார் செய்தாலும் உடனே லாகினைப் பிடுங்கிவிட்டுத்தான் பேச்சு.

அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது.

"என்ன இத்தன நேரம்?"

"நெறைய இருக்குதுங்ணா. தேடுது."

சுற்றிக்கொண்டே இருந்தது.

செல்போன் அடித்தது. மேனேஜர். காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். அவர் பேசியது அண்ணனுக்குக் கேட்கவில்லை.

நீங்களா ஓட்டியது என்று கேட்டார்.

"ஆமாங்க சார்."

அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். தெரியாமல் ஓடிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் மேலே பேசி நாளைக்கே லாகினைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்றார்.

நாளைக்கும் அண்ணன் இந்த நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பான்.

சுற்றும் வட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இல்லீங்க சார்."

தெரிந்தே ஓட்டியதென்றால் வேலையும் தங்காது என்றார் அவர். பிறகு வைத்துவிட்டார்.

திரை வெளுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு நின்றது.

"என்ன ஆச்சு? மறுக்கா உள்ள போ."

அடித்தாள். அவன் பார்க்கும்படி மெதுவாக, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

ஏற்கவில்லை.

இன்னொரு தடவை அடித்துக் காட்டினாள்.