கொட்டகையில் தூங்கிய வண்டி

"அந்த பிரேக் டிஸ்க்கைக் கழட்டித் தூக்கிப் போடுடா. வெர்னியர் வெச்சு அளந்து பாத்துட்டேன், தேஞ்சு தகடா இருக்கு. ஏரி இறக்கத்துல ஒரு நாள் உன் காலை வாரிவிடும்."

ஒரின் இப்படிச் சொன்னாலே வெண்டலுக்குப் பற்றிக்கொண்டு வரும். டிஸ்க் தேய்ந்தது அவனுக்குத் தெரியாதா என்ன? சொல்கிறவன் யார் என்பதுதான் விஷயம்.

ஊர்ப் பழைய கார் போட்டியில் வருஷா வருஷம் வெண்டலோடு முட்டிக்கொண்டு நிற்கிறவன் ஒரின். இருவருடையதும் பெரிய எஞ்சின் வைத்த அந்தக் காலத்து முரட்டு வண்டி. ஒரே மாடல், ஒரே வருஷம். போட்டியில் நடுவர்கள் குச்சியில் கட்டிய கண்ணாடியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி, பிரேக் டிஸ்க்கில் தொழிற்சாலை முத்திரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கடையில் வாங்கி மாட்டிய புது டிஸ்க் என்றால் மதிப்பெண் போச்சு, கோப்பையும் போச்சு.

"அவனுது பாதி ஆயுசு எவனோ ஒருத்தன் கொட்டகையில தூங்கின வண்டி. அதுல டிஸ்க் எங்க தேயும்? என்னுது ஓடின வண்டி. எனக்குப் புதுசு மாட்டிவிட்டுட்டு கோப்பையைத் தட்டிக்கிட்டுப் போகப் பாக்கறான்," என்றான் வெண்டல், மனைவி ஆர்லீனிடம்.

ஆர்லீனுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பயம் என்னவோ போகவில்லை. போட்டி நடப்பது ஏரிக்கரைப் பூங்காவில். வண்டிகளை டிரெய்லரில் ஏற்றி வரக்கூடாது. சர்ச் மேட்டிலிருந்து வரிசையாக ஓட்டிக்கொண்டே இறங்க வேண்டும். நேராக ஏரியில் போய் முட்டுகிற இறக்கம் அது. பக்கத்தில் மனைவி உட்கார்ந்து வருவது வழக்கம்.

டயர் பேலன்ஸ் பார்க்கும் மிஷின் ஊரிலேயே ஒரினின் பட்டறையில் மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல், போட்டிக்கு முந்தின நாள் ஆர்லீனிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பினான் வெண்டல். பிரேக் பக்கம் ஒரின் கை போகக்கூடாது என்று அழுத்திச் சொல்லச் சொன்னான்.

அவளும் சொன்னாள். கூடவே வாய் தவறி இன்னொன்றும் வந்துவிட்டது.

"நாளைக்கு இறங்கறப்ப நானும்தான் அதுல உக்காந்திருப்பேன், ஒரின். நெனச்சா ராத்திரி தூக்கமே வரல."

ஒரின் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான், அவ்வளவுதான்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் வெண்டல் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். முத்திரை இருந்தது.

"மாத்தல. பய பயந்துட்டான்," என்றான்.

சொன்னதைக் கேட்காமல் ஒரின் மாற்றியிருக்கக் கூடாதா என்று ஆர்லீன் உள்ளூர ஏங்கினாள். அப்படி ஏங்கியது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வண்டிகள் இறங்க ஆரம்பித்தன. ஆர்லீன் மடியில் செர்ரி கேக் டப்பா. ஒரு கையால் அதையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வெண்டலின் வாய்தான் ஜம்பமாகப் பேசிக்கொண்டு வந்ததே தவிர, அவன் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பாதி இறக்கத்தில் யாருடைய நாயோ குறுக்கே ஓட, முன்னால் போன வண்டி சட்டென்று நின்றுவிட்டது.

வெண்டல் பிரேக்கை மிதித்தான். ஆர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி நின்றது. கேக் டப்பா மடியை விட்டு நகரக்கூட இல்லை.

"பாத்தியா? ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்," என்றான் வெண்டல். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

பூங்காவில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரினின் வண்டிக்கு அடியில் கண்ணாடியை நீட்டிய நடுவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு பக்கமும் பளபளவென்று புது டிஸ்க், கடைச் சரக்கு. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கோப்பை வெண்டலுக்குப் போனது.

"எனக்குச் சொல்லிச் சொல்லி கடைசியில நீயே மாத்திக்கிட்டியாடா? இறக்கத்தைப் பாத்து அவ்வளவு பயமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான் வெண்டல்.

ஒரின் ஆர்லீன் பக்கம் திரும்பி, வண்டி நன்றாக நின்றதா என்று மட்டும் கேட்டான். தோற்ற ஆத்திரத்தில் குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தாள் அவள். எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தவள், அவன் முறை வந்தபோது டப்பாவை மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், இனி அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் ஆர்லீன். அவள் வாயை அடைக்க வேண்டுமே என்று வெண்டல் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கில் வெர்னியரை வைத்துப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அடுத்த சக்கரத்தையும் கழற்றி அளந்தான்.

"என்ன, அவ்வளவு மோசமா தேஞ்சிருக்கா?" என்றாள் அவள்.

வெண்டல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தேயவே இல்ல. முத்திரையெல்லாம் பழசுதான். ஆனா இது என் வண்டி டிஸ்க்கே இல்ல, ஆர்லீன். அந்தக் கொட்டகையில தூங்கின வண்டியோடது."