நாய் முகத்துச் சிங்கம்

முதலில் தப்பு செய்தது மச்சினன்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், தன் பழம்பொருள் கடையில் நாலு பேர் பார்க்க, செதுக்குக்காரர் வெள்ளியில் செதுக்கிய சிங்க முகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாய் மாதிரி இருக்கு அத்தான்."

கடையே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. அதன்பின் செதுக்குக்காரர் ஏதாவது சொல்வதென்றால் மனைவி வழியாகத்தான், மச்சினன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும்.

இப்போது மியூசியத்திலிருந்து ஒரு வேலை. அதிகாரி அம்மா ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். சிக்கிமுக்கிக் கல் உரசி வெடிக்கிற காலத்துச் சாமான். குழாயில் செதுக்கிய பூங்கொடி, கட்டையில் வெள்ளிக்கம்பி பதித்த பூ. கைப்பிடியின் அடியில் வெள்ளி மூடி, அதில் சிங்க முகம். ஒன்றில் மட்டும் மூடி தொலைந்துபோயிருந்தது. இன்னொன்றைப் பார்த்து அச்சாக அதேபோல் செய்யவேண்டும்.

பார்த்த செதுக்குக்காரருக்குத் திக்கென்றது. பழைய மூடியிலிருந்த சிங்கத்துக்குக் காது தொங்கியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பாவம், பசியில இருக்கு போல."

"சிங்கம்டி அது."

"சரி, சிங்கம்."

கம்பீரமாக ஒரு சிங்கம் செய்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. மியூசியத்துக்காக வேலையைப் பார்த்துச் சரி சொல்ல வரப்போவது யார்? பழம்பொருள் தெரிந்தவன் என்று அவர்கள் கூப்பிடுகிற அதே மச்சினன். ஆனால் ஜோடி என்றால் ஜோடியாக இருக்க வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு காதைத் தொங்கவிட்டார்.

எட்டாம் நாள் அதிகாரி அம்மாவோடு மச்சினன் வந்தான். பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாயேதான்" என்றான்.

செதுக்குக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "உன் தம்பியைப் பக்கத்துல இருக்கறதையும் பார்க்கச் சொல்லு. அது இருநூறு வருஷத்து நாய்."

"அதைத்தான் சொல்றேன் அக்கா. எது பழசு, எது புதுசுன்னு எனக்கே தெரியலை."

அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். "ரெண்டு வருஷமா அலைஞ்சோம் ஐயா. மூணு பேர் செஞ்சு கொடுத்தாங்க. மூணும் ராஜா மாதிரி சிங்கம். ஜோடி சேரலை. இவர்தான் சொன்னார். 'இதைச் செதுக்கினவன் சிங்கத்தையே பார்த்ததில்லை, வீட்டு நாயைப் பார்த்துச் செஞ்சிருக்கான். அந்தக் கை இப்ப எங்க அத்தானுக்கு மட்டும்தான் இருக்கு. போய்க் கேளுங்க, நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு."

சொல்லிவிட்டு அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இது மட்டுமா?" என்றாள் மனைவி. "இத்தனை வருஷமா பழஞ்சாமான் வேலையெல்லாம் நம்ம வாசலைத் தேடி எப்படி வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

மச்சினன் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

செதுக்குக்காரர் துப்பாக்கிகளைத் துணியில் சுற்றினார். முடிச்சுப் போட ரொம்ப நேரம் பிடித்தது.

"உன் தம்பியை இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு" என்றார் மனைவியிடம். "ஆனா அன்னைக்கு நான் செஞ்சது சிங்கம். அதுக்கு அவன் இன்னும் மன்னிப்புக் கேக்கலை."