அழிக்க அழிக்க வரும் படம்

"வந்துட்டாக்கா. என் கையால அழிச்சேன், மறுபடியும் வந்து உக்காந்திருக்கா."

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்த கணினியைத் தங்கை காட்டினாள். மருத்துவமனையின் இணையதளத்தில், டாக்டருக்குப் பக்கத்தில், அவருடைய முதல் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

செத்தவள். 'காய்ச்சலில் போய்விட்டாள், அந்தப் பேச்சே வேண்டாம்' என்று தங்கையின் கல்யாணப் பேச்சின்போதே டாக்டர் சொல்லிவிட்டார். தங்கையும் அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அதே இடத்துல எங்க கல்யாணப் படத்தைப் போட்டிருந்தேன். அதைக் காணோம். என்னைத் துடைச்சு எறிஞ்சுட்டு உக்காந்துக்கறா."

"உன் வீட்டுக்காரர் மாத்தியிருப்பாருடி."

"அவர் இங்க இருக்கற வரைக்கும் இவ வரமாட்டா. வெளியூர் கிளினிக்குக் கிளம்பினார்னா, மறுநாள் காலைல வந்து நிப்பா. நேத்துக் கிளம்பினார், இன்னிக்கு வந்துட்டா. நான் தனியா இருக்கறது இவளுக்கு எப்படிக்கா தெரியுது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. நோயாளிகள் யாரும் இன்னும் வராத அந்தக் கூடத்தில், பல் பிடுங்கும் நாற்காலிக்குக்கூட முதுகைக் காட்டாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முடியலக்கா. இது அவ வீடு. நான் அம்மாகிட்டயே போயிடறேன்."

"பேயாவது பிசாசாவது. நகரு."

அக்காவின் பிழைப்பே ஜாவாவில் புரோகிராம் எழுதுவதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷம் தட்டிப் பார்த்தாள்.

"கேளுடி. இந்த ஜாவா புரோகிராம் ஓடறது இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல. எங்கேயோ இருக்கற வாடகைக் கம்ப்யூட்டர்ல. அது லாட்ஜ் ரூம் மாதிரி. ஒவ்வொரு தடவை புரோகிராமைப் புதுசா ஏத்தும்போதும், ரூமைக் கழுவி விட்டுடுவாங்க. உன் படம் சுவத்துல மாட்டினது, போயிடும். இவ படம் புரோகிராம்ங்கற பெட்டிக்குள்ளயே வெச்சுக் கட்டினது. பெட்டியைத் திறந்தா திரும்ப வரும்."

"அப்போ... இவ வரலையா?"

"எவளும் வரல. ஏத்தற ஆள் பழைய படத்தை எடுக்காம அப்படியே கட்டி அனுப்பறான், சோம்பேறி. இன்னிக்குக் காலைலகூட ஏத்தியிருக்கான் பாரு."

தங்கைக்கு மாதக்கணக்கில் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. "சே, எத்தனை நாள் விளக்கை அணைக்காம படுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். திரையிலிருந்த முகத்தை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"அந்த ஆள்கிட்டச் சொன்னா எடுத்துடுவானா?"

"ஒரு நிமிஷ வேலை. பக்கத்தோட அடியில, பொடி எழுத்துல அவன் நம்பர் இருக்கு. பேசு. நல்லா நாலு வார்த்தை கேளு."

தங்கை அழைத்தாள். அக்காவுக்கும் கேட்க ஒலிபெருக்கியைப் போட்டாள். மணி அடித்தது. எடுத்தது பெண் குரல்.

"பல் கிளினிக்லருந்து பேசறேங்க. காலைல புரோகிராம் ஏத்தினது உங்க ஆளுங்களா?"

"ஆளெல்லாம் யாரும் இல்லம்மா, நான்தான் ஏத்தினேன். ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்லங்க. முதல் பக்கத்துல டாக்டர் பக்கத்துல ஒரு பொம்பளை சிரிக்கற படம் இருக்கில்ல, அதை எடுக்கணும்."

எதிர்முனையில் சிரிப்பு. "அந்தப் பழைய படமா? அதுல மட்டும்தான் நான் ஒல்லியா இருக்கேன், எடுக்க மனசே வரல."

தங்கையின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். தொலைபேசியில், பின்னால் எங்கேயோ தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"டாக்டர் குளிச்சிட்டிருக்காரு. யார் பேசறதுன்னு சொல்லட்டும்?"