வெள்ளிக்கிழமை ஓட்டை

"இது பேப்பரா, ஜன்னலா?" என்று கேட்டார் அப்பா. மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருந்த ஓட்டை வழியாக, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் முழுசாகத் தெரிந்தது.

"எல்லாம் உங்க பொண்ணோட கைவேலைதான். வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா அவளுக்குப் பேய்ப் பட விளம்பரத்தை வெட்டியாகணும். என் துணி வெட்டுற கத்திரி மழுங்கியே போச்சு."

அப்பா பஸ் கண்டக்டர். ஓய்வு நாளில்தான் ஒரு வாரத்துப் பேப்பரையும் மொத்தமாக உட்கார்ந்து படிப்பார். அதிலும் நடுவில் ஓட்டை என்றால் எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது?

"எடுத்துட்டு வா அந்த நோட்டை" என்றார்.

பதினைந்து வயது மகள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மூன்று வருடத்துச் சேகரிப்பு. 'இதய பலவீனம் உள்ளவர்கள் வர வேண்டாம்', 'தனியாக உட்கார்ந்து பார்த்து முடிப்பவருக்குப் பரிசு' என்று பக்கத்துக்குப் பக்கம் பேய்கள் பல்லைக் காட்டின. இதில் ஒரு படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அம்மா தியேட்டர் பக்கமே விடமாட்டாள். அவளுக்குப் படம் என்றால் இந்த நோட்டுதான்.

அம்மா பிடுங்கிப் புரட்டினாள். மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டியிருந்ததால் ஒரு பேய் மேலே மடங்கி, பின்பக்கம் தெரிந்தது. அம்மாவின் கண் அங்கேயே நின்றது.

"என்னங்க, இதைக் கொஞ்சம் படிங்க."

அப்பா படித்தார். "ஆட்கள் தேவை. துணிக்கடைக்கு மேற்பார்வையாளர். ஏதாவது ஒரு பட்டம் போதும். முன் அனுபவம் தேவையில்லை."

அடுத்த பேய்க்குப் பின்னால் நூலகத்தில் வேலை. அதற்கடுத்த பேய்க்குப் பின்னால் சர்க்கரை ஆலையில். எல்லாவற்றுக்கும் ஒரு பட்டம் போதுமாம்.

ஒரு பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று வருடமாக அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஜீவன் ஒன்று இருந்தது. அம்மாவின் தம்பி. வீட்டில் அவருக்குப் பெயர் பட்டதாரி மாமா. பத்து மணிக்கு எழுந்து, பேப்பரைப் புரட்டி, "நாட்டுல வேலையே இல்லக்கா" என்று பெருமூச்சு விட்டு, மறுபடி போய்ப் படுப்பதுதான் அவருடைய உத்தியோகம். இந்த மாதத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா நேற்றுதான் கெடு வைத்திருந்தார்.

இப்போது அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. நாற்காலியில் சாய்ந்திருந்த மாமாவின் பக்கம் திரும்பினார்.

"மனசுல வச்சுக்காதே மாப்பிள்ளை. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். வேலை விளம்பரம் வர்றதே வெள்ளிக்கிழமைதான். அந்தப் பேப்பர் உன் கைக்கு வர்றதுக்குள்ள இவ வெட்டி எடுத்துட்டா நீ என்ன பண்ணுவ, பாவம். எத்தனை நாள் வேணும்னாலும் இங்கேயே இரு."

"விடுங்க அத்தான்" என்றார் மாமா, தியாகச் செம்மல் கணக்காக. "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. எல்லாம் என் தலையெழுத்து."

"பார்த்தியாடி உங்க மாமா மனசை?" அம்மா மூக்கைச் சிந்தினாள். "அவன் பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே. அடுப்புல போடுங்க அந்தச் சனியனை."

"வேண்டாம்ப்பா. இனிமே வெட்டவே மாட்டேன். இது மட்டும் இருக்கட்டும்ப்பா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த நோட்டு போனால் அவளிடம் வேறு எதுவும் இல்லை. மாமா ஏதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டை இரண்டாகக் கிழிக்கப் போன அப்பா, ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இதுல பேய் எங்கே இருக்கு? மூட்டுவலித் தைலம்ல போட்டிருக்கான்? இங்கே பாரு, கொசுவத்தி. இது குக்கர். இதுக்குப் பின்னாலயும் 'ஆட்கள் தேவை'தான். இதையெல்லாம் எதுக்கு வெட்டின?"

"அதெல்லாம் நான் வெட்டலப்பா" என்றாள் விம்மிக்கொண்டே. "பேய்ப் படம் வராத வெள்ளிக்கிழமையில மாமாவே ஏதாவது வெட்டி, இந்தா ஒட்டிக்கோன்னு குடுத்துடுவாரு. இந்த நோட்டை வாங்கிக் குடுத்து, என்னைச் சேர்க்கச் சொன்னதே மாமாதானே."