ஒத்தப் பொட்டு

கண்ணு தெரியாத புருஷன் மாசானத்தை வீட்டுல தனியா விட்டுட்டு, பேச்சித்தாய் அன்னைக்கு குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போறா. அவன் தடவிப் பாத்துக் கண்டுபிடிக்கட்டும்னு சுவிட்சுலயெல்லாம் தன்னோட ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவச்சிருந்தா.

"ஒரு பொட்டு லைட்டு, ரெண்டு பொட்டு ஃபேன், மூணு பொட்டு மோட்டார். ஞாபகமிருக்கா?"

"நாலு பொட்டு ஒட்டுனா போகாம இருப்பியா?"

வாசல்ல கார் வந்து நின்னுச்சு. அவன் கையை நீட்டி அவ நெத்தியத் தடவுனான். வெறும் நெத்தி.

"அட்டையில இருந்தது அம்புட்டும் ஒட்டியாச்சுங்க."

அவன் சுவத்தைத் தடவிக்கிட்டே போயி, லைட்டு சுவிட்சுல இருந்த ஒத்தப் பொட்டை நகத்தால உரிச்சான். திரும்பி வந்து அதை அவ நெத்தியில வச்சு அமுக்குனான்.

"அது லைட்டுக்குங்க."

"எனக்கெதுக்குடி லைட்டு? நீ திரும்பி வந்து போட்டுக்க."