முறிந்துபோன பேரம்

"நம்ம ஃபுட்பால் டீமுக்குப் பந்தெறியற அந்தக் குவாட்டர்பேக்கை வாங்குற பேரம் முறிஞ்சுபோச்சாம்டா!" செல்லைப் பார்த்த நண்பன் கிசுகிசுத்ததும் டார்னெல் துவண்டுபோனான். பக்கத்தில் நின்ற மார்னி துள்ளிக் குதித்தாள்.

"நல்லவேளை! முழங்கால் போன ஆளுக்காக நம்ம டீம் மூணு நல்ல பசங்களைத் தாரை வார்க்கணுமா?"

"அவன் பந்தை எறிஞ்சா அறுபது கெஜம் பறக்கும்டி!"

"பறக்கும். பிடிக்கிறது எதிரணிதான்!"

கூட்டம் இரண்டு கட்சியாகிக் கூச்சலிட்டது.

"உன்னை மாதிரி ஆளோட எவ குப்பை கொட்டுவா?" என்றாள் மார்னி.

எதிரே நின்ற பெரியவர் தொண்டையைச் செருமினார். "மார்னி சொல்றதுதாம்பா சரி."

"நீங்களுமா, ஃபாதர்?"

பாதிரியார் பைபிளை மறுபடி பிரித்தார். "அதை விடு. ஏம்மா, கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலையே. டார்னெலைக் கணவனா ஏத்துக்கறியா?"

மணப்பெண் முகத்திரையை விலக்கிச் சிரித்தாள்.

"ஏத்துக்கறேன், ஃபாதர். டீமை மட்டும் இவன் கையில கொடுத்துடாதீங்க!"